மருதையாற்றுப் பாலமும் நகரும் கேமராவும்: ‘விடுதலை – பாகம் 1’ திரைப்படத்தில் ஷாட், கோணம், பொருளுருவாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படத்தின் பொருள் கதையாலும் உரையாடலாலும் மட்டும் உருவாவதில்லை. கேமரா எங்கு நிற்கிறது, எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது, எங்கே பார்வையை விலக்கிக்கொள்கிறது என்பனவும் பொருளை உருவாக்குகின்றன. வெற்றிமாறன் இயக்கத்தில் 2023 மார்ச் 31 அன்று வெளிவந்த ‘விடுதலை – பாகம் 1’ திரைப்படத்தின் தொடக்கமாக அமைந்த இரயில் விபத்துக் காட்சியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அக்கருத்தை ஆராய்கிறது. அக்காட்சி அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் 1987-இல் நிகழ்ந்த குண்டுவெடிப்பை நினைவூட்டுவது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், எச்சம், நோக்கு ஆகிய உறுப்புகள் காட்சிமொழியை விளக்கத் துணைசெய்யும் என்பதையும், வெட்டில்லாத நெடுஷாட் காரணத்தைச் சொல்லாது விளைவை மட்டும் காட்டுவதால் எழும் அறச்சிக்கலையும் கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: விடுதலை, வெற்றிமாறன், நெடுஷாட், கேமராக் கோணம், எச்சம், நோக்கு, மருதையாறு, அரியலூர், பெரம்பலூர்.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட ஆய்வுகள் பெரும்பாலும் கதை, பாத்திரப் படைப்பு, உரையாடல், பாடல் ஆகியவற்றை மையமிட்டே அமைந்துள்ளன. இலக்கியக் கல்வியின் வழியே திரைப்படத்தை அணுகுவோர்க்கு இது இயல்பான பழக்கம். ஆயின் திரைப்படம் முதலில் பார்க்கப்படுவது, பின்னரே சொல்லப்படுவது. ‘ஒரு மனிதன் நிற்கிறான்’ என்ற செய்தி ஒன்றே. அவனை மேலிருந்து பார்த்தால் ஒரு பொருளும், கீழிருந்து பார்த்தால் வேறொரு பொருளும், அவன் கண்மட்டத்தில் நின்று பார்த்தால் மற்றொரு பொருளும் பிறக்கின்றன. உயர்கோணம் சிறுமைப்படுத்தும், தாழ்கோணம் பெருமைப்படுத்தும் என்று பாடநூல்கள் வாய்பாடாகச் சொல்வதும் போதுமானதன்று. எந்தக் கோணத்திற்கும் தனித்த பொருள் இல்லை. அது எந்நிலத்தில், எவர் பார்வையாக, எதற்கு முன்னும் பின்னும் வைக்கப்படுகிறது என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது.

இக்கருத்தை ஆராய ‘விடுதலை – பாகம் 1’ தேர்ந்துகொள்ளப்பட்டதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, ஆர். வேல்ராஜ் ஒளிப்பதிவில் அமைந்த அதன் தொடக்கக் காட்சி சமகாலத் தமிழ்த் திரைப்படங்களில் நெடுஷாட்டின் குறிப்பிடத்தக்க முயற்சிகளுள் ஒன்று. மற்றொன்று, அக்காட்சி நினைவூட்டும் நிகழ்வு கட்டுரையாளரின் சொந்த மாவட்டத்தில் நிகழ்ந்தது. இரயில் மருதையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தி ஆற்றைப் பார்க்கும் முதியவர்களிடையே வளர்ந்தவர்க்கு இக்காட்சி வெறும் தொழில்நுட்ப வியப்பாக இருக்க இயலாது.

மருதையாறு: இரு நிகழ்வுகள், ஒரு படிமம்

பச்சைமலைப் பகுதியில் தோன்றும் மருதையாறு, இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, மழைக்காலத்தில் திடீரெனப் பெருகும் ஆறு இது. இதன் மீதான இரயில் பாலம் தமிழக வரலாற்றில் இருமுறை பேரிழப்போடு பெயர் பெற்றது.

1956 நவம்பர் 23 அன்று, வெள்ளத்தால் சேதமுற்ற இப்பாலப் பகுதியில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பொறுப்பேற்று அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 1987 மார்ச் 15 அன்று மருதையாற்றுப் பாலம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு மலைக்கோட்டை விரைவு வண்டி கவிழ்ந்தது. பயணிகள் பலர் மாண்டனர். தமிழரசன் தலைமையிலான தமிழ்நாடு விடுதலைப்படையின் செயல் இது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, இன்றைய அரியலூர் மாவட்டத்தின் பொன்பரப்பியில், வங்கிக் கொள்ளை முயற்சியின்போது தமிழரசனும் அவருடைய தோழர்களும் அடித்துக் கொல்லப்பட்டனர். இந்நிகழ்வுகளின்போது இப்பகுதி முழுதும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் உருவானது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் மறுபடி பிரிந்தது.

இங்கே காட்சிமொழி ஆய்வுக்கு அடிப்படையான ஒரு கூறு உள்ளது. 1956-இல் வண்டியைக் கவிழ்த்தது வெள்ளம். 1987-இல் கவிழ்த்தது வெடிகுண்டு. ஆயின் ஆற்றில் கவிழ்ந்து கிடக்கும் பெட்டியின் படிமம் இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்லாது. சாய்ந்த பெட்டி, முறுக்கிய தண்டவாளம், மணலில் கிடத்தப்பட்ட உடல்கள் என விளைவு ஒன்றுபோலவே இருக்கும். காரணம் சட்டகத்திற்கு வெளியே உள்ளது. அதைச் சட்டகத்திற்குள் கொண்டுவருவது அடுத்து வரும் ஷாட், அல்லது அடுத்துப் பேசும் குரல். இயற்கையா, அரசின் கவனக்குறைவா, தீவிரவாதமா என்பது படிமத்தில் இல்லை. படிமத்தை அடுத்து எதை வைக்கிறோம் என்பதில் உள்ளது. ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு இணைத்தால் அம்முகம் வெவ்வேறு உணர்வு காட்டுவதாகப் பார்வையாளர் கொள்வர் எனக் காட்டிய குலெஷோவின் சோதனையும் இதையே உணர்த்தியது.

ஷாட்டை வாசித்தல்: செய்யுளியல் உறுப்புகள்

கேமரா இயங்கத் தொடங்கி நிற்கும்வரை இடையறாது பதிவாகும் காட்சித் துண்டைத் திரைத்துறையினர் ஷாட் என்பர். இக்கட்டுரை அச்சொல்லையே ஆள்கிறது. இரு ஷாட்டுகளின் மோதலில் பொருள் பிறக்கிறது என்றவர் ஐசன்ஸ்டைன். வெட்டாமல் நீளும் ஷாட் மெய்ம்மையின் பலபொருட்தன்மையைக் காக்கிறது, எதைப் பார்ப்பது என்னும் தேர்வைப் பார்வையாளரிடம் விடுகிறது என்றவர் ஆந்த்ரே பசான். இவ்விரு நிலைப்பாடுகளும் உலகத் திரைப்படக் கல்வியில் நன்கு அறியப்பட்டவை.

இவற்றோடு இணைத்துக் காணத்தக்க கருத்தாக்கங்கள் தமிழ்க் கவிதையியலிலும் உள்ளன. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், நோக்கு ஆகியவை அடங்கும். சொல்பவர் யார், கேட்பவர் யார், எவ்விடத்தில், எப்பொழுதில் என்ற வினாக்களுக்கு விடை காணாமல் அகப்பாடலைப் பொருள்கொள்ள இயலாது. ஷாட்டுக்கும் அதுவே பொருந்தும். பார்ப்பவர் யார் என்பது அதன் கூற்று. யாருக்காகப் பார்க்கப்படுகிறது என்பது அதன் கேட்போர். கேமராவின் இடமும் உயரமும் அதன் களன். சட்டகத்திற்கு வெளியே விடப்பட்டுப் பார்வையாளர் நிரப்பிக்கொள்ள வேண்டியது எச்சம். கேட்டவர் மீளத் திரும்பிப் பார்த்துப் பொருள்கொள்ளச் செய்யும் தன்மையே நோக்கு என்பது உரைமரபு. பின்வரும் காட்சிகளின் அறிவால் முன்வந்த ஷாட்டை மறுபடி எண்ணிப் பார்க்கச் செய்யும் ஆற்றலை நோக்கு எனலாம். பழைய சொற்களைப் புதிய கலைக்கு அணிவிக்கும் ஆசையால் இவை இங்கு எடுத்தாளப்படவில்லை. ‘யாருடைய பார்வை’ என்ற வினாவை இவை கூர்மையாகக் கேட்கின்றன என்பதே காரணம்.

தொடக்க நெடுஷாட்: கூற்று இல்லாத பார்வை

‘விடுதலை – பாகம் 1’ ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதையை அடிப்படையாகக் கொண்டது. கதை 1987-இல், அருமபுரி என்னும் கற்பனை மலைப்பகுதியில் நிகழ்கிறது. படம் தொடங்கும்போது வெடிப்பு முடிந்துவிட்டது. கவிழ்ந்த பெட்டிகளின் உள்ளும் புறமும், மேலும் கீழுமாகக் கேமரா பல நிமிடங்கள் நகர்கிறது. சிதைந்த உடல்கள், காயமுற்றோர், மீட்போர், கதறுவோர் என ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்கிறது. காட்சி ஒரே ஷாட்டாகவே பார்வையாளர்க்குத் தோன்றுகிறது. உள்ளே மறைவான இணைப்புகள் இருப்பினும் அது ஆக்கமுறை பற்றிய வினாவே. ‘இங்கே வெட்டு இல்லை’ என்னும் உணர்வை எழுப்புவதே படத்தின் நோக்கமாதலின், பொருளாய்வுக்கு அவ்வுணர்வே அடிப்படை.

இந்த ஷாட்டின் கூற்றுக்கு உரியவர் யார்? கதைநாயகன் குமரேசன் அல்லன். அவன் இன்னும் கதைக்குள் வரவில்லை. காவல்துறையின் பார்வையும் அன்று. அதிகாரிகள் இடிபாடுகளுக்குள் இப்படித் தவழ்ந்து செல்வதில்லை. இறந்தவரின் பார்வையும் அன்று. கேமரா யாருடைய கண்ணாகவும் இல்லாமல், எவரிடமும் நிலைகொள்ளாமல் கடந்து செல்கிறது. ஒருவரின் துயரத்தைப் பார்வையாளர் உள்வாங்கத் தொடங்கும்போதே அடுத்தவர் வந்துவிடுகிறார். அண்மைக்காட்சிக்கு வெட்டியிருந்தால் ஒரு முகம் நினைவில் தங்கியிருக்கும். வெட்டாததால் முகங்கள் தங்கவில்லை; பேரிழப்பின் பரப்பு மட்டும் தங்குகிறது. நெடுஷாட் ஈட்டும் பயனும் தரும் விலையும் இதுவே.

இரண்டாவது வினா எச்சம் பற்றியது. குண்டு வைத்தவர் இந்த ஷாட்டில் இல்லை; வைக்கும் செயலும் இல்லை. ‘இவர் செய்தார், இது நேர்ந்தது’ என்று காரணத்தையும் விளைவையும் இணைப்பது வழக்கமாகப் படத்தொகுப்பின் வேலை. வெட்டைத் தவிர்த்த இந்த ஷாட் அவ்விணைப்பைச் செய்ய மறுக்கிறது. காரணத்தின் இடம் வெற்றிடமாக விடப்படுகிறது. அவ்வெற்றிடத்தைப் பின்னர் நிரப்புவது அரசின் குரல். நிகழ்வுக்கு மக்கள் படையையும் அதன் தலைவர் பெருமாள் வாத்தியாரையும் பொறுப்பாக்கி, அவரைப் பிடிப்பதற்கான தேடுதல் வேட்டை நியாயப்படுத்தப்படுகிறது. பார்வையாளர் கண்ணால் கண்டது விளைவை மட்டுமே. காரணத்தைக் காதால் கேட்டே அறிகிறார். படத்தின் அரசியல் இந்த இடைவெளியில்தான் இயங்குகிறது. வேட்டையின் பெயரால் மலைமக்கள் மீது ஏவப்படும் வன்முறையைப் பின்னர் நேரில் காணும்போது, தொடக்கக் காட்சியைப் பார்வையாளர் மீள எண்ணுகிறார். அங்கே கிடந்த உடல்கள் இப்போது எதற்கான அனுமதிச் சீட்டாகப் பயன்படுகின்றன என்று வினவுகிறார். இதுவே அந்த ஷாட்டின் நோக்கு.

நிலமும் கோணமும்: சமவெளியிலிருந்து மலைக்கு

முதற்பொருளாகிய நிலம் மாறினால் கருப்பொருளும் உரிப்பொருளும் மாறும் என்பது திணைக் கோட்பாட்டின் அடிப்படை. நிலம் மாறினால் கேமராக் கோணமும் மாறும் என்பதை இதனோடு சேர்க்கலாம்.

1987 நிகழ்வின் உண்மை நிலம் சமவெளி. அரியலூர், செந்துறை, செயங்கொண்டம் பகுதிகள் முந்திரித் தோப்புகளும் மானாவாரிக் கொல்லைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நிறைந்தவை. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் தொடங்கியது. பின்னர்த் தனியார் ஆலைகளும் பெருகின. இந்நிலத்தில் இயல்பான உயர்கோணம் அரிது. கோயில் கோபுரமோ, மேல்நிலை நீர்த்தொட்டியோ, இரயில் மேடோ, பாலமோதான் உயரம். அடுத்த ஊரைக்கூட மேலிருந்து காண இயலாது. முந்திரி மரங்கள் ஆள் உயரத்திலேயே பார்வையை மறைத்துவிடும். இங்குக் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டுமெனில் சுரங்கக் குழியின் விளிம்பில் நிற்க வேண்டும். பெரம்பலூரின் மேற்கே பச்சைமலை எழுகிறது. ஆயினும் இரயில் பாதை அம்மலையைத் தொடாமல் சமவெளியிலேயே செல்கிறது.

திரைப்படமோ கதையை அடர்ந்த காட்டுமலைக்கு மாற்றுகிறது. இம்மாற்றத்திற்குக் கதைசார்ந்த காரணங்கள் உண்டு. 1992-இல் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் நிகழ்ந்த அரச வன்முறை உள்ளிட்ட வேறு நினைவுகளும் இக்கதையில் கலந்துள்ளன. சுரங்கத் திட்டத்திற்கு எதிரான மக்கள் போராட்டமும் கதையின் ஒரு கூறு. ஆயின் காட்சிமொழியில் இம்மாற்றத்தின் விளைவு பெரிது. மலை, கேமராவுக்கு உயரத்தை இயல்பாகவே வழங்குகிறது. காட்டின் மீது பறக்கும் வான்வழிக் காட்சிகளும், வளைந்து ஏறும் பாதையில் சிறு புள்ளியாகச் செல்லும் காவல் வண்டியும் நிலத்தை வரைபடமாக்குகின்றன. நிலத்தை வரைபடமாகப் பார்ப்பது ஆட்சியின் பார்வை. சுரங்கத்திற்கு இடம் குறிப்போரின் பார்வையும் அதுவே. எனினும் அதே உயரம், காட்டின் பெருவிரிவின் முன் முகாம் எவ்வளவு சிறியது என்பதையும் காட்டிவிடுகிறது. உயர்கோணம் அதிகாரத்தின் பார்வை என்னும் வாய்பாடு இங்கே பாதியே பொருந்துகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு நிலம் முழுதும் தெரிகிறது. மரங்களின் கீழே இருப்போர் தெரிவதில்லை.

கண்மட்டம்: குமரேசனின் இடம்

உயர்கோணத்திற்கு மாறாகப் படம் பெரும்பகுதியும் சாய்ந்து நிற்பது குமரேசனின் (சூரி) கண்மட்டத்தில். அவன் காவல்துறையில் புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர். முகாம்களுக்கு உணவு கொண்டுசெல்பவன். தாய்க்கு எழுதும் மடல்களின் வழியே கதையைச் சொல்பவன். தொடக்கக் காட்சியில் இல்லாத கூற்று இவன் குரலால் கிடைக்கிறது. கேட்போர் யார் என்பதும் தெளிவாகிறது: ஊரில் உள்ள தாய். அரசின் அறிக்கைமொழிக்கு மாற்றாக மகன் தாய்க்குச் சொல்லும் மொழி கதையை நடத்துகிறது.

கரடி தாக்கிய பெண்ணைக் காவல் வண்டியில் ஏற்றிச் சென்றதற்காகக் குமரேசன் தண்டிக்கப்படுகிறான். தவறு செய்யாததால் மன்னிப்புக் கேட்க மறுக்கிறான். சீருடை அணிந்தவனாயினும் அதிகார வரிசையின் கடைநிலையில் நிற்பவன் அவன். கேமரா அவனோடு நிற்கும்போது பார்வையாளரும் அவ்வரிசையின் அடியிலிருந்தே மேலதிகாரிகளைப் பார்க்க நேர்கிறது. அவனைத் தாழ்கோணத்தால் வீரனாக்கும் வழக்கமான நாயக மரபு பெரும்பாலும் தவிர்க்கப்பட்டுள்ளது. நட்சத்திர நடிகரான விஜய் சேதுபதி ஏற்ற பெருமாள் வாத்தியார் பாத்திரத்தை முதற்பாகத்தில் மிகக் குறைவாகவே காட்டியிருப்பதும் இதனோடு சேர்த்துக் காணத்தக்கது. தேடப்படுபவரின் முகம் படத்தின் நீண்ட எச்சம்.

உச்சக்காட்சி: வெட்டின் மீள்வரவு

தொடக்கத்தில் தவிர்க்கப்பட்ட வெட்டு, உச்சக்காட்சியில் முழு வலிமையோடு திரும்புகிறது. ஒருபுறம் பெருமாளைப் பிடிக்கும் துப்பாக்கிச் சண்டையும் குமரேசனின் ஓட்டமும். மறுபுறம் காவலில் வைக்கப்பட்ட பெண்கள் மீதான சித்திரவதை. இரண்டும் மாறி மாறி வெட்டப்படுகின்றன. தமிழரசியையும் (பவானி ஸ்ரீ) பிறரையும் காக்க வேண்டுமெனில் பெருமாள் பிடிபட வேண்டும் என்று குமரேசன் ஓடுகிறான். ஒவ்வொரு வெட்டும் அவனைக் காலத்தோடு பிணைக்கிறது. தொடக்க ஷாட்டில் விடுபட்ட காரண–விளைவு இணைப்பு இங்கே படத்தொகுப்பால் உருவாகிறது. தேடுதல் வேட்டை காரணம், பெண்களின் உடல் மீதான வன்முறை விளைவு. பயணிகளின் சாவுக்குக் காட்டப்படாத காரணம், மலைமக்களின் துயரத்திற்குக் காட்டப்படுகிறது. படம் எடுக்கும் சார்பு இவ்வமைப்பிலேயே வெளிப்படுகிறது. அதை அறிய எந்த உரையாடலும் தேவையில்லை.

எதிர்வாதமும் அறச்சிக்கலும்

இவ்வளவு கூறியபின் ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். நாஜி முகாமைச் சித்திரித்த ‘கபோ’ (1960) படத்தில், மின்வேலியில் விழுந்து மாண்ட பெண்ணின் உடலை நோக்கிக் கேமரா அழகுற நகர்ந்ததை ழாக் ரிவெத் 1961-இல் ‘காயே து சினிமா’ இதழில் கடுமையாகக் கண்டித்தார். சாவைச் சட்டகத்தில் ஒழுங்கமைத்து அழகாக்குவது இழிசெயல் என்பது அவர் வாதத்தின் சாரம். ‘விடுதலை’யின் தொடக்க ஷாட்டும் அவ்வினாவிலிருந்து தப்ப இயலாது. உருவாக்கப்பட்ட பாலமும் பெட்டிகளும், ஒத்திகை பார்க்கப்பட்ட நகர்வும் பார்வையாளரை ‘எப்படி எடுத்தார்கள்’ என வியக்கத் தூண்டுகின்றன. படம் வெளிவந்தபோது அந்த ஷாட் குறித்த பேச்சில் பெரும்பங்கு இவ்வியப்பே. வியப்பு எழும் கணத்தில் இறந்தவர் அரங்கப் பொருளாகிவிடும் ஆபத்து உண்டு.

இம்மறுப்பு முற்றும் சரியெனக் கொள்ளல் இயலாது. ‘கபோ’வின் நகர்வு ஓர் உடலில் சென்று நின்று அதைச் சிலையாக்கியது, ‘விடுதலை’யின் நகர்வு எவ்வுடலிலும் நின்று அழகு பார்க்கவில்லை. ஆயினும் மறுப்பு முற்றும் தவறும் அன்று. மருதையாற்று நினைவில் ஏற்கெனவே ஒரு சமனின்மை உள்ளது. தமிழரசனின் பெயரைத் தமிழ்த்தேசிய அமைப்புகள் நினைவுகூர்கின்றன. 1956-ஐச் சொல்லும்போது சாஸ்திரியின் பதவி விலகல் நினைவுகூரப்படுகிறது. இவ்விரு வண்டிகளிலும் பயணம் செய்து மாண்டவர்களின் பெயர்கள் பொதுநினைவில் இல்லை. திரைப்படம் அவர்களுக்குப் பல நிமிடங்கள் தந்தது, பெயர் தரவில்லை. இடத்தின் பெயரையும் மாற்றியது. கதை வேறெங்கோ நகர்ந்தபின் அவர்கள் திரும்ப வருவதில்லை.

2024 டிசம்பர் 20 அன்று வெளிவந்த இரண்டாம் பாகம் பெருமாள் வாத்தியாரின் வாழ்வை விரித்துரைத்து முதற்பாகத்தின் எச்சங்கள் பலவற்றை நிரப்புகிறது. அங்கும் கூற்று போராளிக்கும் காவலர்க்கும் உரியதே; பயணிக்கு உரியதன்று. இதை இயக்குநரின் குறை என்று சுட்டுவதைவிட, நெடுஷாட் என்னும் வடிவத்தின் இயல்பான வரம்பு எனக் கொள்வது தகும். எல்லோரையும் பார்க்கும் கேமரா ஒருவரிடமும் தங்க இயலாது. தங்க வேண்டுமெனில் வெட்ட வேண்டும். வெட்டினால் ஒருவரைத் தேர்ந்து மற்றவரை விட வேண்டும். இத்தேர்வை எந்தத் தொழில்நுட்பமும் நீக்கித் தருவதில்லை.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

• கோணத்திற்கும் ஷாட்டின் நீளத்திற்கும் நிலையான பொருள் இல்லை. நிலம், பார்வைக்கு உரியவர், முன்பின் வரும் காட்சிகள் ஆகியவற்றோடு கொண்ட உறவாலேயே அவை பொருள் பெறுகின்றன.

• ‘விடுதலை – பாகம் 1’ படத்தின் தொடக்க நெடுஷாட் விளைவைக் காட்டிக் காரணத்தை எச்சமாக விடுகிறது. அவ்வெச்சத்தை அரசின் குரல் நிரப்புவதைப் பார்வையாளர் உணரச் செய்வதே அதன் அரசியல் பயன்.

• சமவெளி நிகழ்வை மலைக்கு மாற்றியது களமாற்றம் மட்டுமன்று. பார்வையின் உயரத்தையே மாற்றிய செயல்.

• கூற்று, கேட்போர், களன், எச்சம், நோக்கு ஆகிய செய்யுளியல் உறுப்புகள் ஷாட் ஆய்வுக்குப் பயன்படும் கருவிகளாகும். பிற தமிழ்ப் படங்களிலும் இவற்றைப் பொருத்திக் காண இடமுண்டு.

• நெடுஷாட், பேரிழப்பின் பரப்பைக் காட்ட வல்லது. இழந்தவர்களைத் தனித்தனி மனிதராக்குவதில் வரம்புடையது.

இன்றும் அரியலூரைக் கடக்கும் வண்டிகள் அவ்வாற்றின் மேல்தான் செல்கின்றன. பாலத்தைக் கடக்கச் சில நொடிகளே ஆகும். அந்நொடிகளில் சன்னல் சட்டகத்தின் வழியே தெரிவது மணலும், சில காலங்களில் சிறிது நீரும் மட்டுமே. அங்கு நேர்ந்ததை அறியாதவர்க்கு அது வெறும் ஆறு. அறிந்தவர்க்கு அக்காட்சியின் பெரும்பகுதி சட்டகத்திற்கு வெளியே உள்ளது. அவ்வெளியில் இருப்போரைப் பற்றிய வினாவைப் படம் எழுப்பியது. அதற்கு விடை தேடும் பொறுப்பு திரைப்பட ஆய்வுக்கும் இவ்வட்டார வரலாற்றை எழுதுவோர்க்கும் உரியது.